பச்சை பட்டனுக்குள் இருந்த வெள்ளி

நம் வயசுக்காரர்கள் எல்லாரும் செய்கிற ஒரு காரியத்தை முதலில் நிறுத்தச் சொல்கிறேன். டி.வி. ரிமோட்டில் பட்டன் வேலை செய்யாவிட்டால் அதை உள்ளங்கையில் போட்டு நாலு சாத்து சாத்துகிறீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்துகிறீர்கள். அது என்ன பாவம் செய்தது? உள்ளே ரப்பர் பட்டனின் அடியில் பூசியிருக்கிற கரி தேய்ந்து போயிருக்கும், அவ்வளவுதான். கத்தி முனையால் நெம்பித் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, தேய்ந்த இடத்தில் பொட்டளவு வெள்ளித்தாள் வெட்டி ஒட்டினால் இன்னும் ஒரு வருசம் ஓடும். எங்கள் தெருவில் ரிமோட் கெட்டால் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். முப்பது வருசம் ஊசி போட்ட கை, இன்னும் நடுங்கவில்லை.

இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். சும்மா பழகிக்கொண்டேன் என்று சொல்லிவிடுவேன். உங்களுக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் இறங்கி, மண்பாதையில் ஒன்றரை மைல் உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். தூசி இல்லாத நாளில் தெற்கே மலைக்கோட்டைப் பாறை தெரியும். கரண்டு வந்து மூன்று வருசம். எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதுவரைக்கும் கமலைதான். மாடு பூட்டி, தோல் சாலில் தண்ணீர் இறைப்பது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். மோட்டார் வந்ததும் மாட்டை விற்றாயிற்று. கமலை மரங்களைப் பிரித்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் அடுக்கிப் போட்டிருந்தார் அப்பா. உத்தரம், உருளை, கால் மரம் எல்லாம் ஆணி பிடுங்காமல் அப்படியே கிடந்தன.

அந்த மோட்டார் ரூம் ஆள் ஒருத்தர் கைகால் நீட்டிப் படுக்க முடியாத அளவு சிறிசு. கிரீஸ் வாடையும் சூடேறிய கம்பி வாடையும் கலந்து அடிக்கும். சுவரில் கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று, அதுதான் ஸ்டார்ட்டர். மேலே பச்சை பட்டன், கீழே சிவப்பு பட்டன். பச்சையை அமுக்கினால் பெட்டிக்குள் "டக்" என்று ஒரு சத்தம், மோட்டார் உறுமும், தொட்டியில் தண்ணீர் வந்து விழும். சிவப்பை அமுக்கினால் நிற்கும். எங்கள் வீட்டில் அதை அமுக்க உரிமை உள்ளவர்கள் இரண்டு பேர், அப்பாவும் நானும். நான் அமுக்குவது என்றால் தரையில் கிடக்கிற காய்ந்த பலகை மேல் ஏறி நின்று, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்பா "ம்" என்று சொன்ன பிறகு அமுக்க வேண்டும். அம்மா அதன் பக்கமே வரமாட்டாள்.

அப்பா எதையும் சிரித்துக்கொண்டே செய்கிற ஆள். ஆனால் அந்தப் பெட்டி மேல் அவருக்கு ஒரு பக்தியே இருந்தது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை காலையில் மெயினை அணைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றையொன்று தொட்டுக் கரண்டு கடத்துகிற பாயிண்டுகளை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்ப்பார். குத்துவிளக்கு துலக்குவது போலத்தான். அப்புறம் மூடி, மேலே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு சூடம் காட்டுவார். பச்சை பட்டனுக்குத் தனியாக ஒரு பொட்டு. எங்கள் பக்கத்தில் மோட்டார் வைத்திருந்தவர்கள் எல்லாருமே அப்போது கொஞ்சம் அப்படித்தான். மாட்டுக்குச் செய்ததை மோட்டாருக்குச் செய்தார்கள்.

அந்தச் சித்திரையில் வெங்காயம் நட்டுப் பன்னிரண்டு நாள் இருக்கும். பச்சை பட்டன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதலில் இரண்டாவது அமுக்கில் பிடித்தது. அப்புறம் ஐந்தாவது அமுக்கில். அப்புறம் "டக்" சத்தமே வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்து, பட்டனை அமுக்கி இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் சொருகிவிட்டுப் போனார். ஒரு நாள் ஓடியது. மறுநாள் உள்ளே பொறி பறந்து தீக்குச்சி கருகிவிட்டது.

அப்பா சைக்கிளில் போய் வயர்மேனைக் கூட்டிவந்தார். அவர் பெட்டியைத் திறந்து, பச்சை பட்டனுக்குப் பின்னால் இருக்கிற தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத உப்புத்தாள் போட்டுத் தேச்சது யாரு?"

"நாந்தான். வாரா வாரம் தேய்ச்சுச் சுத்தமா வச்சுருக்கேன்," என்றார் அப்பா பெருமையாக.

"சுத்தமாத்தான் வச்சுருக்கீங்க. இது நுனியில ரெண்டு பக்கமும் வெள்ளி இருந்துச்சு. அம்புட்டையும் தேச்சே தின்னுப்புட்டீங்க. இப்ப வெறும் தகடுதான் இருக்கு, எப்படிப் பிடிக்கும்?"

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான். "சரி, புதுசு போட்டுருங்க," என்றார்.

"மதுரையில சொல்லித்தான் வரணும். பதினஞ்சு நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும்."

பதினைந்து நாள் வெங்காயம் தாங்காது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எட்டிப் பார்த்தால் நம் முகம் தெரிகிறது, மேலே ஏற்ற வழியில்லை. கமலையைத் திரும்பப் பூட்டலாம் என்றால் மாடு இல்லை. அந்த வருசம் அந்த வெங்காயம்தான் எங்கள் சோறு. அம்மா குடத்தில் சேந்தி ஓரத்துப் பாத்திகளுக்கு ஊற்றிப் பார்த்தாள். நானும் ஒரு செம்பு வைத்துக்கொண்டு கூடவே ஊற்றினேன். மண் அதைக் குடித்த சுவடே தெரியவில்லை.

வயர்மேன் விட்டுப்போன சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளை உருவி, அப்பா எட்டாக மடித்துத் தகட்டு நுனியில் சுற்றினார். நான்தான் பலகை மேல் ஏறி அமுக்கினேன். பிடித்தது! மூன்று தடவை பிடித்தது. நாலாவது தடவை தாள் எரிந்து ஒரு கெட்ட வாடை வந்தது. அப்பா சிரித்தார். "வெள்ளித்தாளுன்னு பேருதான் வெள்ளி. நெசமான வெள்ளி வேணுமாம் இதுக்கு," என்றார். சொல்லிவிட்டு, வாசலில் குந்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் காலையே பார்த்தார்.

என் கொலுசு அதற்கு முன்பே எந்தத் தேவைக்கோ போய்விட்டது. வீட்டில் வெள்ளி என்று மிச்சம் இருந்தது அம்மாவின் கால் விரல்களில் மட்டும்தான்.

"வேணாங்க," என்றாள் அம்மா. "இதக் கழத்தக் கூடாது."

"கட்டுனவனே கழத்துனா அதுல என்ன குத்தம்? அம்மி மேல கால வச்சு மாட்டிவிட்டதும் நாந்தான?"

"மதினிக்குத் தெரிஞ்சா..."

மதினி என்றது என் அத்தையை, அப்பாவின் அக்காவை. அடுத்த தோட்டத்தில்தான் இருந்தார். தாய் இல்லாத வீட்டில் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அப்பாவுக்குத் தலைவலி என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

"அக்கா வந்து ஒன் கால் வெரலையா எண்ணிக்கிட்டு இருக்கப் போகுது? ஒத்தக் கால் போதும். அறுப்பு முடிஞ்சதும் திண்டுக்கல்லு போயி ரெண்டு காலுக்கும் புதுசா எடுத்துத் தாரேன்."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இடது காலை நீட்டினாள். நான் சோப்புக் கட்டியும் தண்ணீரும் கொண்டுவந்தேன். விரல் கணு தடித்திருந்தது, மெட்டி லேசில் வரவில்லை. அப்பா சோப்பு நுரையில் வழுக்கி வழுக்கித் திருகினார். வந்தபோது அது இருந்த இடத்தில் மட்டும் தோல் வெள்ளைவெளேர் என்று வளையமாக இருந்தது. அம்மா உடனே சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அப்பா மோட்டார் வயரில் மிச்சம் கிடந்த செம்புக் கம்பியை எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு மெட்டி மாதிரி முறுக்கி அந்த விரலில் மாட்டிவிட்டார். "கொஞ்ச நாளைக்கு இதப் போட்டுக்க. பாரு, தங்கம் மாதிரி இருக்கு," என்றார். என்னைப் பார்த்து, "அத்தைக்குத் தெரிய வேணாம், என்ன?" என்றார். நான் தலையாட்டினேன்.

மெட்டியை உளியால் இரண்டாக வெட்டி, கல்லில் வைத்துத் தட்டி, பொட்டு மாதிரி ஆக்கினார். அதைத் தகட்டில் முடுக்க மெல்லிசாக ஒரு ஆணி வேண்டும். கமலை மரத்தில் சின்னச் சின்னப் பித்தளை ஆணி இருக்கிறது என்று, செருப்பில்லாமல் அந்த அடுக்கு மேல் ஏறினார். நான் கீழே நின்றேன். திடீரென்று "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கினார். குதிகாலில் ஒரு இரும்பாணி, விரல் நீளம், பாதி உள்ளே போயிருந்தது. அவரே பிடுங்கினார். துருப்பிடித்த ஆணி. ரத்தம் அதிகம் வரவில்லை. "ஆணி தேடி வந்தா, ஆணி என்னையத் தேடிக்கிட்டு இருந்துருக்கு," என்று சிரித்தார். இரண்டு பித்தளை ஆணியும் பிடுங்கிக்கொண்டு நொண்டியபடியே இறங்கி வந்தார்.

அத்தைக்கு எப்படித்தான் தெரிந்ததோ, காயம் என்றதும் ஓடிவந்துவிட்டார். "கண்ண எங்க வச்சுக்கிட்டுப்பா ஏறுன?" என்று திட்டிக்கொண்டே தன் வீட்டுத் தொழுவத்திலிருந்து பச்சைச் சாணி கொண்டுவந்து, மஞ்சள் குழைத்து, சட்டியில் வைத்துச் சுட வைத்து, பொறுக்கிற சூட்டில் குதிகாலில் அப்பித் துணி கட்டினார். அம்மா அடுப்பு மறைவில், இடது காலை வலது காலால் மறைத்துக்கொண்டு நின்றாள். அத்தை பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பாயிண்ட் தயார். அப்பா பெட்டியை மூடினார். நான் பலகையில் ஏறினேன். "ம்" என்றார். அமுக்கினேன். முதல் அமுக்கிலேயே பிடித்தது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. வெங்காயம் பிழைத்துக்கொண்டது.

அத்தை மூன்று நாள் கட்டு மாற்றினார். புண் மேலே மூடிக்கொண்டது. எல்லாரும் அதை மறந்துவிட்டோம்.

எட்டு நாளோ ஒன்பது நாளோ கழித்து, காலையில் கஞ்சி குடிக்க உட்கார்ந்த அப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை. "தாடை பிடிச்சுக்கிருச்சு, ஊதக் காத்து பட்டுருக்கும்," என்று பல்லிடுக்கில் பேசினார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கழுத்து விறைத்தது. வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்தார்கள், தாடைக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். ராப்பகலாக அத்தைதான் பக்கத்தில் இருந்தார். மூன்றாம் நாள், யாராவது கதவைச் சாத்தினாலே உடம்பு வில்லாக வளைந்தது. பக்கத்துத் தோட்டத்து வண்டியில் போட்டுத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவும் அத்தையும் ஏறிக்கொண்டார்கள். வண்டி கிளம்புகிறபோது அம்மா என்னிடம், "மோட்டாரப் போட்டு நாலு பாத்திக்குத் தண்ணி விட்டுட்டு நிப்பாட்டு. ஈரக் கையோட தொடாத," என்றாள். அவள் என்னை மோட்டார் போடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் சொன்னபடி செய்தேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டேன், பலகையில் ஏறினேன், "ம்" என்று நானே சொல்லிக்கொண்டேன், அமுக்கினேன். நாலு பாத்தி. மண்ணை வெட்டி மடையைத் திருப்பினேன். நாலாவது பாத்தி நிறைகிற நேரத்தில் வண்டி திரும்பி வருவது தெரிந்தது. திண்டுக்கல் வரைக்கும் போய்த் திரும்ப நேரமில்லை. போனதைவிட மெதுவாக வந்தது. அத்தையின் குரல் வண்டிக்கு முன்னால் வந்தது. நான் மடையை அடைத்துவிட்டு, போய் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போனேன். எனக்கு அழுகை வரவில்லை. கையில் சேறு இருந்தது, அதைக் கழுவ வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. அப்போது மனசு மரத்துப் போனது, இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் சேறுதான் நினைவுக்கு வருகிறது.

பதினாறாம் நாள் விடியலில் அம்மாவைக் கிணற்றடித் தொட்டிக்குக் கூட்டிவந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தாலி, வளையல், மெட்டி எல்லாம் வாங்குகிற சடங்கு. சுற்றிலும் பெண்கள். "புள்ளய மோட்டாரப் போடச் சொல்லு," என்று யாரோ சொன்னார்கள். நான் போய் அமுக்கினேன். பிடித்தது. தண்ணீர் கொட்டியது.

மோட்டார் ரூம் வாசலில் நின்று பார்த்தேன். அத்தைதான் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டார். வலது கால் மெட்டியைக் கழற்றி மடியில் வைத்தார். இடது காலைத் தூக்கினார். கை அப்படியே நின்றுவிட்டது.

"இது என்னடி, கம்பி?" என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வெள்ளி மெட்டி எங்கடி?"

அம்மா ஈரத் தலையோடு குனிந்தே இருந்தாள். "தொலஞ்சு போச்சு மதினி."

"எப்பத் தொலச்ச?"

"வெங்காயம் நட்டப்ப."

"என் தம்பி நல்லா நடமாடிக்கிட்டு இருந்தப்பவே தொலச்சுட்ட. தொலச்சுட்டுக் கம்பியச் சுத்திக்கிட்டுத் திரிஞ்சுருக்க!"

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஒருத்தி, "அதான்... அதான் இப்படி ஆகிப்போச்சு," என்றாள். அது வாய்க்கு வாய் போனது. அத்தை அந்தச் செம்புக் கம்பியை உருவி, கமலை மரத்துப் பக்கம் வீசினார்.

என் முதுகுக்குப் பின்னால் ஸ்டார்ட்டர் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. அவர்கள் தேடுகிற மெட்டி அதற்குள் இருந்தது. ஒரு நிமிசத்துக்கு முன்னால்தான் அதன் மேல் என் கட்டைவிரல் இருந்தது. "அப்பாதான் கழத்துனாரு" என்று நான் சொன்னால் போதும். அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். தலையாட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, சும்மா பார்த்தாள். நான் சொல்லவில்லை. அப்பா சொல்லக் கூடாது என்றிருந்தார், அதனால் என்று பல வருசம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதென்றால், வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அம்மாவுக்கு ஊரில் அதுதான் பேர். மெட்டி தொலைத்தவள். எங்கள் வெங்காயத்தை விதைக்கு வாங்க வந்தவர்கள், இது யார் தோட்டம் என்று தெரிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார்கள். எனக்கு வந்த முதல் வரனை, மெட்டிக் கதையைக் கேட்ட ஒரு பெண் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போனாள். அத்தை எங்களுக்கு மோர் கொடுப்பார், கீரை கொடுப்பார், என்னைக் கூப்பிட்டுத் தலை பின்னி விடுவார். அம்மாவோடு மட்டும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அந்தக் கம்பியை நான் ஒரு வாரம் தேடினேன். மரத்துக்கு அடியில், எருக்கஞ்செடி மூட்டில், பாத்தியில். கிடைக்கவே இல்லை.

ஸ்டார்ட்டர் பக்கமே வராத அம்மா, பிறகு தினமும் தானே மோட்டார் போட்டாள். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து பார்ப்பாள். உப்புத்தாளைக் கிட்டே கொண்டுவர விடமாட்டாள். மண்ணெண்ணெயில் நனைத்த வேட்டித் துணியால் அந்த இரண்டு பொட்டையும் ஒற்றி எடுப்பாள், தேய்க்க மாட்டாள். எட்டு வருசம் அது ஓடியது. வயர்மேனே ஒருமுறை பார்த்துவிட்டு, இது யார் போட்டது, கம்பெனிக்காரன் போட்டதைவிட நன்றாக இருக்கிறது என்றார். அம்மா பெட்டியை மூடிவிட்டாள்.

எனக்குப் பதினாறு வயதில் ஒருநாள் அம்மா அப்படி ஒற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏம்மா அன்னைக்குச் சொல்லல? நான் சொல்லவா, இப்பவாவது?"

"சொன்னா என்ன ஆகும்?"

"உன்னையப் பேச மாட்டாங்கல்ல."

"அவரப் பேசுவாக. மெட்டியக் கழத்தித் தன் சாவத் தானே தேடிக்கிட்டான்னு பேசுவாக. செத்தவருக்கு எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியாது. எனக்கு வாய் இருக்கு, நான் சொல்லாம இருந்துக்கிறேன்." துணியைப் பிழிந்து ஆணியில் மாட்டினாள். "போயி மோட்டாரப் போடு."

பிற்பாடு நான் நர்ஸ் வேலைக்குப் படித்தேன். ஒருநாள் வகுப்பில் தனுர்வாதம் பற்றிப் பாடம் நடந்தது. துரு ஆணி, மண், அதைவிட முக்கியமாக மாட்டுச் சாணம். ஆழமான காயத்தில் அதை வைத்துக் கட்டினால் கிருமி உள்ளே குடியேறும். ஒரு வாரம், பத்து நாளில் தாடை பிடிக்கும். ஒரே ஒரு ஊசி போட்டிருந்தால் போதும். எல்லாரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். பேனாவில் மை தீர்ந்தது, நிரப்பிக்கொண்டு எழுதினேன். சட்டியில் மஞ்சளும் சாணியும் குழைத்த வாடை அப்படியே மூக்கில் வந்தது. விடுதிக்குப் போனபிறகாவது அழுவேன் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அதற்கப்புறம் முப்பது வருசம், வெட்டுக்காயம் என்று வந்த ஒருத்தரையும் அந்த ஊசி போடாமல் அனுப்பியதில்லை. சாணி வைத்துக் கட்டாதீர்கள் என்று ஊர் ஊராகத் தொண்டை வற்றச் சொன்னேன். எங்கள் ஊரில் மட்டும் ஏன் வைக்கக் கூடாது என்று விளக்கியதில்லை.

அம்மா இறந்துபோன வருசம் எனக்கு ஐம்பது வயது. காரியம் எல்லாம் முடிந்து, கிளம்புவதற்கு முன்னால் அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கண் மங்கியிருந்தாலும் விரல் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். இனி யாருக்காகவும் எதையும் மறைக்க வேண்டியதில்லை, அம்மா பேரையாவது துடைத்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன்.

"அத்தை, அந்த மெட்டிய அம்மா தொலைக்கல. அப்பாதான் கழத்துனாரு. மோட்டார் பாயிண்டுக்கு வெள்ளி வேணும்னு."

"தெரியும்," என்றார் அத்தை.

நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை.

"படுக்கையில கெடந்தப்பச் சொன்னான். பல்லக் கடிச்சுக்கிட்டே சொன்னான். 'அக்கா, அவ மெட்டிய நாந்தான் கழத்துனேன். அதுனாலதான் இப்படி இருக்கோ?'ன்னு கேட்டான். கொழந்த மாதிரி பயந்து போயிக் கேட்டான்."

சிரித்துக்கொண்டே மெட்டியைத் திருகின அப்பாவை எனக்குத் தெரியும். பயந்த அப்பாவை நான் அன்றுதான் முதல்தடவையாகக் கேள்விப்பட்டேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, சும்மா படுன்னேன்."

"அப்பறம் எதுக்கு அத்தை அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் அப்படிக் கேட்டீங்க?"

"நான் கேக்காட்டி வேற எவளாச்சும் கேட்டுருப்பா. அவ பயந்துபோயி உள்ளதச் சொல்லியிருப்பா. என் தம்பி பேரு நாறியிருக்கும். நான் கேட்டா அவ சொல்ல மாட்டான்னு தெரியும். ஒங்கம்மா நல்லவ." ஒரு மொச்சையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, சொத்தை என்று வீசினார். "ரெண்டு பேருமாச் சேந்துதான் அவனக் காப்பாத்துனோம். பேசிக்கிட்டதில்ல, அம்புட்டுத்தான்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முறத்தில் மொச்சை விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் அவரே கேட்டார். "நீ ஊசி போடுறவ. படிச்சவ. நீ சொல்லு தாயி. என் தம்பி மெட்டி கழத்துனதுனாலதான் செத்தானா?"

நாற்பது வருசமாக அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாயைத் திறந்தேன். "மெட்டியெல்லாம் காரணம் இல்ல அத்தை. அந்த ஆணி..." என்று ஆரம்பித்தேன்.

"ஆணியா?" என்றார் அத்தை. மங்கிய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "அதுக்குத்தான் அன்னைக்கே நான் மஞ்சளும் சாணியுமாச் சுட வச்சுக் கட்டுனேனே! மூணே நாளு. என் கைபட்டுப் புண்ணு காஞ்சு போச்சே, நீயுந்தான பாத்த? ஆணியில ஒண்ணும் இல்ல தாயி."

அந்தக் கைகளைப் பார்த்தேன். மொச்சைத் தோல் கறை படிந்து, நரம்பு புடைத்திருந்தன. அப்பாவைத் தூக்கி வளர்த்த கைகள். என்னிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் அம்மா பேர் அந்த நிமிசமே துடைத்த மாதிரி ஆகிவிடும்.

"ஆமா அத்தை," என்றேன். "நானும் பாத்தேன். புண்ணு காஞ்சுதான் போச்சு."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தார். அம்மா மெட்டி தொலைத்தவளாகவே இருந்துவிட்டாள்.